பெண் திருத்தணி, மாப்பிள்ளை புத்தூர், மண்டபம் நகரி: கேமராவோடு எங்கே நிற்பது?

நகரி_ஃபிரேம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெண் வீடு திருத்தணி, தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளை வீடு புத்தூர், வீட்டில் பேசுவது தெலுங்கு. மண்டபம் நகரியில். முதல் நாள் மாலை வரவேற்பு, விடிந்தால் 4.40-க்கு முகூர்த்தம். புரோகிதர் இரண்டு பேர். இரண்டு வீட்டுச் சடங்கையும் கலந்து செய்வதாகப் பேச்சு. 1,200 பேர் வருவார்கள் என்கிறார்கள்.

மேடை மூன்றரை அடி உயரம். பின்னால் எல்இடி வால் (பெரிய திரைச்சுவர்). கூரை முழுக்க ரோஸ் கலர் துணி. ஃபோட்டோவுக்கு இரண்டு பேர், வீடியோவுக்கு இரண்டு பேர். லென்ஸ் 24-70, 70-200, 35, 85. ஃபிளாஷ் மூன்று, குடை இரண்டு.

தெலுங்குக் கல்யாணம் நாங்கள் தனியாக எடுத்ததில்லை. எந்தச் சடங்குக்கு யார் எந்தப் பக்கம் நிற்பது, எல்இடி வெளிச்சத்தில் வரும் கோடுகளை எப்படித் தவிர்ப்பது, ஹோமப் புகையில் ஃபோகஸ் அலையாமல் என்ன செய்வது? இந்த மூன்றையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மூன்றாம்முடிச்சு பதில்:

முதல் வேலை, மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதரைப் பார்த்து “4.40 எதற்கு சாமி?” என்று கேட்பது. தெலுங்கு முறையில் லக்ன நேரம் ஜீலகர்ர பெல்லத்துக்கு, அதாவது மணமக்கள் தலையில் சீரக வெல்ல விழுது வைக்கும் சடங்குக்கு. தாலி அதற்கப்புறம்தான், அரை மணி கழித்தும் வரும், ஒரு மணி கழித்தும் வரும். தமிழ்க் கல்யாணமே எடுத்துப் பழகியவர் 4.40-க்குத் தாலி என்று நினைத்துக்கொண்டு 4.35-க்கு பேட்டரி மாற்றுவார். திரும்பிப் பார்த்தால் திரைச்சீலை இறங்கி முடிந்திருக்கும். லக்னத்தில் நடந்ததை “இன்னொரு தடவை வையுங்க” என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த இடத்தை விவரமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் வெள்ளைத் துணியை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்திருப்பார்கள். வெற்றிலையில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை, நேரம் வந்ததும் ஒருவர் தலையில் ஒருவர் வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். அப்புறம் துணியை இறக்குவார்கள். சம்பிரதாயப்படி இருவரும் முகம் பார்த்துக்கொள்வது அப்போதுதான். படமும் அந்த இரண்டு, மூன்று நொடியில்தான்.

சிக்கல் கையில். எதிரெதிரே இருக்கும் இருவரும் வலது கையை நீட்டுகிறார்கள். மாப்பிள்ளையின் இடப்பக்கம் நின்றால் அவர் முகம் சுத்தமாகத் தெரியும், ஆனால் அது பெண்ணுக்கு வலப்பக்கம். அவள் கையே அவள் முகத்தை மறைக்கும். எதிர்ப்பக்கம் போனால் இதுவே தலைகீழ். ஒரே இடத்திலிருந்து இரண்டு முகமும் கிடைக்காது. ஆகவே ஃபோட்டோக்காரர் இருவரும் திரைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, திரையின் ஓரத்துக்கு நேராக உட்கார வேண்டும். நிற்காதீர்கள், முட்டி போட்டு அவர்கள் கண் மட்டத்துக்கு வாருங்கள். கீழே சபையிலிருந்து எடுத்தால் மேடை உயரத்துக்குத் தாடையும் மூக்குத் துவாரமும்தான் வரும். சபைப் பக்கம் இருப்பவர் 35, மேடை உள்பக்கம் இருப்பவர் 24-70. துணி பிடிக்கும் அத்தை மாமாக்களிடம் “மார்பு உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள், சொன்ன பிறகு நேராகக் கீழே இறக்குங்கள்” என்று முன்பே சொல்லிவையுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் துணி லென்ஸ் முன்னால் வந்து விழும்.

நெற்றியில் பாசிகம் என்ற பட்டம் கட்டியிருப்பார்கள். மேடைக்கு மேலே இருக்கும் லைட் நேர் கீழே அடித்தால் அதன் நிழல் கண்ணில் விழும். முகமட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஒரு லைட் இருந்தால் நிழல் நெற்றியோடு நின்றுவிடும்.

தாலிக்கு வேறு கணக்கு. தெலுங்கு முறையில் மூன்று முடிச்சும் மாப்பிள்ளையே போடுவார், தாலியில் பொட்டு இரண்டு இருக்கும், வீட்டுக்கு ஒன்று. தமிழ் வீடுகளில் பெரும்பாலும் நாத்தனார் பின்னால் நின்று முடிச்சு போடுவார். இங்கே எது என்று இரண்டு அம்மாக்களையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள், பத்திரிகையில் இருக்காது. நாத்தனார் என்றால் பின்பக்கம் ஒரு கேமரா கட்டாயம். ஜடைக்கு அடியில்தான் முடிச்சு விழும், ஜடையை யாராவது ஓரமாகத் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். தோழிப் பெண் ஒருத்தியிடம் சொல்லிவைத்தால் போதும். முன்னால் மாலை தாலியை மூடும், அதே பெண் மாலையையும் விலக்கிவிடுவாள்.

“கெட்டிமேளம்” என்றதும் சபை முழுக்க எழுந்து அட்சதையோடு முன்னால் வரும், எல்லார் கையிலும் செல்போன் இருக்கும். மேடைக்குக் கீழே நிற்பவருக்கு அதற்கப்புறம் முதுகுகள்தான் கிடைக்கும். ஒரு வீடியோ கேமராவை மட்டும் சபையின் பின்பக்கம் உயரமான ஸ்டாண்டில் பூட்டி ஓடவிட்டுவிடுங்கள். மற்ற மூன்று பேரும் மேடையில்.

மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் அரிசி கொட்டும் தலம்ப்ராலுக்கு: அரிசி முகத்துக்கு முன்னால் பறக்கும்போது கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அரிசிக்குத் தாவும். அபெர்ச்சரை எஃப் 5.6 வைத்து, முகத்தில் ஒரு தடவை ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிடுங்கள். இப்போது அரிசியோடு தெர்மகோல் மணியும் கலக்கிறார்கள். அது லென்ஸ் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், புளோயர் பையிலேயே இருக்கட்டும்.

---

அரை_ஸ்டாப் பதில்:

சடங்கு வரிசையை மேலே சொல்லிவிட்டார். நான் லைட்டுக்கு வருகிறேன்.

நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகம் 1/250, 1/500 என்று போனால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டுதான் பதிவாகும். ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், இல்லை குறுக்கே பட்டை. 1/100 அல்லது 1/50-ல் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும். வீடியோவுக்கு 25 ஃபிரேம், 1/50. 30 ஃபிரேமில் 1/60 வைத்துவிட்டு “கேமரா கோளாறு” என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்கள் உண்டு. சைலன்ட் ஷட்டர் வேண்டாம், அதில் பட்டை இன்னும் மோசம். மெக்கானிக்கல் ஷட்டர் வையுங்கள், கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

எல்இடி வால் தனி ஜாதி. அது வரிசை வரிசையாகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் வேகமான ஷட்டரில் கறுப்புக் கோடு வரும். அங்கேயும் 1/100-க்கு மேல் போகாதீர்கள். கோட்டைவிடப் பெரிய தொல்லை அதன் வெளிச்சம். முழு பிரைட்னஸில் விட்டால் மணமக்கள் இருண்டு போவார்கள். ஆபரேட்டரிடம் பேசி 25 சதவீதத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவர் கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை. சோஃபாவை வாலிலிருந்து 6 அடியாவது முன்னால் இழுத்துப் போடுங்கள். பின்னால் நன்றாக மங்கினால் புள்ளியும் அலைக்கோடும் தெரியாது. முகூர்த்தத்துக்கு வாலை அணைத்துவிட்டுப் பூத்திரை மட்டும் வைக்கச் சொல்வது உத்தமம். அசையும் மயில் பேக்ரவுண்டில் ஹோமம் நடப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் காசு கொடுப்பவர்கள் கேட்டால் மயில்தான்.

ரோஸ் துணிக் கூரைக்கு ஃபிளாஷை மேலே திருப்பாதீர்கள். துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் ரோஸாகத்தான் இருக்கும். வேட்டி, முகம், மாலை எல்லாம் வெவ்வேறு அளவுக்குச் சிவக்கும், எடிட்டிங்கில் ஒரு ஸ்லைடரில் சரியாகாது. இரண்டு குடையையும் மேடையின் இரண்டு முன்மூலையில், மேடைத் தரையிலிருந்து 7, 8 அடி உயரத்தில், 45 டிகிரியில் வையுங்கள். பவர் 1/8-ல் தொடங்கலாம். மேடையில் குழந்தைகள் ஓடும், ஸ்டாண்ட் காலில் மணல் மூட்டை கட்டாமல் வைக்கவே கூடாது. அலங்கார பல்பு எல்லாம் மஞ்சள், வீடியோக்காரர் பேனல் 5600 கெல்வின். ஃபிளாஷுக்குப் பாதி ஆரஞ்சு ஜெல் தாள் போட்டு, வீடியோ பேனலையும் 3800 பக்கம் இறக்கச் சொல்லி, கேமராவில் 3800 கெல்வினைக் கையால் வைத்துவிட்டால் எல்லாம் ஒரு குடும்பமாகிவிடும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நலங்கில் கண்டிப்பாக ஏமாற்றும்: ஃபிரேம் முழுக்க மஞ்சள் என்று பார்த்து நீலத்தைச் சேர்க்கும், மஞ்சள் பூசிய முகம் சாம்பலாகிப்போகும்.

அரக்குப் பட்டு இன்னொரு பொறி. சாதாரண ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் சிவப்பு மட்டும் முட்டிப்போய்ப் புடவையில் மடிப்பும் ஜரிகையும் தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்பு விளிம்பைத் தொட்டால் 2/3 ஸ்டாப் குறையுங்கள். தெலுங்கு முறையில் மதுபர்க்கம் என்ற வெள்ளைத் துணி வந்ததும் கதை மாறும். வெள்ளையைப் பார்த்துக் கேமரா இருட்டாக்கும். மேனுவலில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

புகை: நேர் முன்னால் இருந்து ஃபிளாஷ் அடித்தால் புகைதான் வெளிச்சத்தை வாங்கும், வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும். பக்கத்திலிருந்தோ பின்மூலையிலிருந்தோ அடித்தால் அதே புகை அழகு. முதல் நாளே மேடையில் ஹோமம் வைக்கும் இடத்தில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, எல்லா ஃபேனையும் போட்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அதற்கு எதிர்ப்பக்கம்தான் உங்கள் இடம். புகை அடர்ந்த நேரத்தில் ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக்கி, நெற்றிக்கும் பாசிகத்துக்கும் இடையிலுள்ள விளிம்பில் வையுங்கள். கன்னத்தில் வைத்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். தீக்கு நேர் மேலே பார்த்து எடுக்கும் படங்களில் சூட்டுக் காற்று அலையடித்து எல்லாம் கலங்கும். அது ஃபோகஸ் தப்பு அல்ல, ஒரு அடி தள்ளி நின்றால் தீர்ந்துவிடும்.

---

நகரி_ஃபிரேம்:

ரொம்ப நன்றி அண்ணா. 4.40 ஜீலகர்ர பெல்லத்துக்குத்தான் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். இன்னொரு கேள்வி. இரண்டு வீட்டாரும் சேர்ந்து 70 குரூப் ஃபோட்டோ பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். தாலி முடிந்ததும் எடுத்துவிடலாமா?

---

செவ்வந்திப்பூ பதில்:

தம்பி, தாலி முடிந்ததும் என்று வைத்தால் பாதி பேர் பந்தியில் இருப்பார்கள், மீதி பேர் தூக்கத்தில். விடியற்காலை முகூர்த்தத்துக்கு அது ஒத்துவராது.

கணக்குப் போடுங்கள். ஆட்களை நிறுத்தி, புடவை முந்தானை சரிசெய்து, மூன்று கிளிக் எடுக்க ஒரு குரூப்புக்கு 40 நொடி. 70 குரூப்புக்கு 47 நிமிடம், அதுவும் எல்லாரும் வரிசையில் காத்திருந்தால்தான். நேரத்தைத் தின்பது கேமரா அல்ல, “சின்ன மாமா எங்கே?” என்ற தேடல். அதனால் வரவேற்புக்கு விருந்தாளிகள் வருவதற்கு முன், மாலை 5 மணிக்கு, நெருங்கிய குடும்பம் முழுவதையும் மேடைக்குக் கூப்பிட்டுவிடுங்கள். எல்லாரும் உடுத்தித் தயாராக இருப்பார்கள், யார் வாயிலும் வெற்றிலை இருக்காது. பெண்ணை மேக்கப்பிலிருந்து 4.45-க்கு வெளியே அனுப்பச் சொல்லி அழகுக்கலைக்காரரிடம் பேசுங்கள், மாப்பிள்ளையிடம் அல்ல.

வீட்டுக்கு ஒருவராக இரண்டு ஆள் வேண்டும், முகம் தெரிந்தவர்கள், சத்தமாகக் கூப்பிடத் தயங்காதவர்கள். கல்யாண வேலை எதுவும் தலையில் இல்லாத சித்தப்பா சரியான ஆள். பெண்ணின் அண்ணனைப் போடாதீர்கள், அவரைச் சமையல்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பட்டியலில் பெயர் மட்டும் எழுதாமல் “பெரியத்தை வீடு, 9 பேர்” என்று தலைக் கணக்கோடு எழுதுங்கள். 8 பேர் நின்றால் உடனே தெரியும்.

பெரிய குரூப்பை முதலில் எடுத்துவிட்டு, அங்கிருந்தே ஆட்களை இறக்கிக்கொண்டு வாருங்கள். முழுக் குடும்பம், அப்புறம் தாத்தா வழி, அப்புறம் உடன்பிறந்தவர்கள், கடைசியில் அப்பா அம்மா. இரண்டு பேரில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால் கடைசிப் படத்துக்குள் முதலில் எடுத்தவர்கள் காபிக்குப் போயிருப்பார்கள். வயதானவர்கள் உள்ள குரூப் எதுவாக இருந்தாலும் முன்னால் கொண்டுவாருங்கள். சர்க்கரைக்காரரைச் சாப்பாட்டு நேரம் தாண்டி மேடையில் நிற்க வைக்கக் கூடாது. முட்டி வலிக்காரர்களுக்கு மேடையில் கை வைத்த நாற்காலி இரண்டு.

மூன்று வரிசை குரூப்புக்கு 35, எஃப் 5.6, 4 மீட்டர் தூரம். 24-க்குப் போனால் ஓரத்தில் நிற்கும் சித்தி இரண்டு சுற்று பெருத்துத் தெரிவார், ஆல்பம் பார்க்கும்போது அவர் சொல்வதை நீங்கள்தான் கேட்க வேண்டும். 85-ல் எஃப் 1.8 வைத்து 3 மீட்டரில் மணமக்களை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 13 செ.மீ.தான், ஒருவர் தலை சற்றுப் பின்னால் போனாலும் அந்த முகம் மங்கும். ஜோடிக்கு எஃப் 2.8, 3.2 போதும்.

இன்னொன்று, பட்டியலில் இருக்காது. கணவரை இழந்த பாட்டியோ அத்தையோ இரண்டு வீட்டிலும் இருப்பார்கள். தாலி நேரத்தில் பலர் தாங்களாகவே தூணோரமாக ஒதுங்கி நிற்பார்கள். மேடைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், அது உங்கள் வேலையும் அல்ல. முதல் நாள் நலங்கு முடிந்ததும், பெண்ணையே அந்தப் பாட்டி அறைக்குக் கூட்டிப்போய், ஜன்னல் பக்கம் உட்காரவைத்து நாலு படம் எடுத்துவிடுங்கள். 70-200-ல் தாலி நேரத்து அவர் முகத்தையும் ஒரு படம் பிடியுங்கள்.

பெண் அறைக்குள் ஆண் ஃபோட்டோக்காரர் போக வேண்டாம். உங்கள் டீமில் பெண் இல்லையென்றால் நகை, புடவை, செருப்பு எல்லாவற்றையும் வெளியே வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தட்டில் வைத்து எடுங்கள். நகையை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் பெண்ணின் அம்மா பக்கத்தில் இருக்கட்டும், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள்.

---

பன்னிரண்டுக்கு36 பதில்:

ஆல்பம் டிசைன் செய்யும் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம். 12க்கு 36 அங்குல ஷீட் என்பது ஒன்றுக்கு மூன்று விகிதம். கேமரா படம் மூன்றுக்கு இரண்டு. 36 அங்குலம் முழுக்கப் பரப்பினால் உயரம் 24 வரும், அதில் 12-ஐ வெட்டித்தான் ஆக வேண்டும். பாதி படம் போய்விடும். முழு ஷீட்டுக்கு என்று நினைத்து எடுக்கும் படங்களில் மேலே கால் பங்கு, கீழே கால் பங்கு வெறுமையாக விடுங்கள். நடு மடிப்பில் முகம் வரக் கூடாது. பெரிய குரூப்பில் மணமக்களுக்கு இடையில் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, மடிப்பு அங்கே விழுமாறு நிறுத்துங்கள். 24 மெகாபிக்சல் என்றால் அப்படி வெட்டிய பிறகு 6000க்கு 2000 பிக்சல் மிஞ்சும், அங்குலத்துக்கு 167 வரும். கையில் வைத்துப் பார்க்க அது போதும். அதற்குமேல் வெட்டத்தான் இடமில்லை.

தேதி பற்றியும் ஒன்று. தமிழ்ப் பக்கம் ஆடி பார்ப்பார்கள், தெலுங்குப் பக்கம் ஆஷாடம். ஒன்று சூரியக் கணக்கு, இன்னொன்று சந்திரக் கணக்கு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கி முடிவதில்லை. திருத்தணி, நகரி, புத்தூர் மாதிரி இரண்டு பக்கமும் சம்பந்தம் கலந்த ஊர்களில் இரண்டையும் கழித்தால் பொதுவாக மிஞ்சும் முகூர்த்தம் கொஞ்சம்தான். எல்லாரும் அதே நாட்களில் வந்து விழுவார்கள். பிரிண்டிங் லேபில் அப்போது நெரிசல் இருக்கும். ஆல்பம் தேதியைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

---

மூன்றாம்முடிச்சு:

சத்தத்தை யாரும் சொல்லவில்லை. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் கேமரா மைக் முட்டிக் கிழியும். தனி ரெக்கார்டர் ஒன்றைப் புரோகிதர் பக்கம் வைத்து, அவர் அங்கவஸ்திரத்தில் காலர் மைக் குத்துங்கள். பேச்சை −20 டெசிபெலில் அமைத்தால் கெட்டிமேளத்துக்கு இடம் இருக்கும். இரண்டு புரோகிதர் என்பதால் மைக்கும் இரண்டு.

கார்டு: 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 45 ஜிபி. பின்னால் பூட்டி வைக்கும் கேமரா 4 மணி நேரம் ஓடினால் 180 ஜிபி, அதற்கு 256 கார்டு. வரவேற்பு முடிந்த இரவே லேப்டாப்புக்கும் வெளி டிரைவுக்கும் ஏற்றிவிடுங்கள், 4 மணிக்குக் காலிக் கார்டோடு மேடை ஏறலாம். ஏற்றிய கார்டை அன்றைக்கு அழிக்காதீர்கள்.

லைவ் கேட்டால் மாலை 7.30-க்கு, கூட்டம் நிரம்பிய நேரத்தில் மண்டபத்துக்குள் அப்லோடு வேகம் பாருங்கள். பகலில் காட்டும் வேகம் எதற்கும் ஆகாது. 1080-க்கு 6 எம்பிபிஎஸ் நிலையாக வேண்டும், இரண்டு வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

---

நகரி_ஃபிரேம்:

செவ்வந்திப்பூ அக்கா, 5 மணிக்கு இரண்டு வீட்டாரும் சரி என்றுவிட்டார்கள். மறுநாள் மணமக்களை நாராயணவனம் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே ட்ரோன் விடலாமா?

---

அரை_ஸ்டாப்:

கோயில் என்பதால் நிர்வாகத்திடம் கேட்காமல் ட்ரோனும் வேண்டாம், உள்ளே கேமராவும் வேண்டாம். வெளியே தெருவில் எடுக்கும் படமே போதும், காலை 8-க்குள் முடித்துவிடுங்கள். ரேணிகுண்டா விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எந்த உயரத்திலும் அனுமதியில்லாமல் பறக்க முடியாது. நாராயணவனம் அதற்கு வெளியேதான். இருந்தாலும் கிளம்புவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா (அனுமதி தேவையில்லாத பகுதியா) என்று அன்றைக்கே பாருங்கள்.